கன்ஃபர்ம் டிக்கெட் இருந்தும் விமானத்தில் ஏற்றவில்லையா? ஓவர்புக்கிங்கில் மாட்டினால் செய்ய வேண்டியவை

விமானத்தில் 180 சீட் இருந்தால் 180 டிக்கெட்தான் விற்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா, அப்படியெல்லாம் இல்லை. 183-ம் விற்கலாம், 186-ம் விற்கலாம். இது ஒளித்து மறைத்து நடக்கும் வேலையும் இல்லை. இந்தியாவில் விமான நிறுவனங்களுக்கு விதி வகுக்கும் டிஜிசிஏ, சீட் காலியாகப் பறப்பதைத் தவிர்க்க நிறுவனங்கள் ஓரளவு கூடுதலாக விற்பதுண்டு என்று தன் விதியிலேயே ஏற்றுக்கொண்டு, அப்படி விற்று யாரையாவது ஏற்றாமல் விட்டால் என்ன தர வேண்டும் என்பதை மட்டும் வரையறுத்து வைத்திருக்கிறது. ரயிலிலாவது ஆர்ஏசி, வெயிட்டிங் லிஸ்ட் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி டிக்கெட் தருகிறார்கள். இங்கே எல்லோருக்கும் கன்ஃபர்ம்டு என்றே வருகிறது, அதில் யார் வெயிட்டிங் லிஸ்ட் என்பது விமான நிலையம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

இழப்பீடு எத்தனை ஆயிரம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று: ஏற்ற மறுக்கப்பட்டவருக்குத்தான் இழப்பீடு, நேரத்துக்கு வராதவருக்கு ஒன்றுமே கிடையாது. இரண்டு பேருமே விமானத்தில் ஏறாதவர்கள்தான், ஆனால் நிறுவனத்தின் கணினியில் ஒருவர் 'டினைடு போர்டிங்', இன்னொருவர் 'நோ-ஷோ'. உங்கள் பெயர் இதில் எதன் கீழ் பதிவாகிறது என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் நீங்கள் போடும் சண்டை நிற்குமா விழுமா என்பதே இருக்கிறது. நான் இங்கே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் அதற்காகத்தான்.

ஏன் கூடுதலாக விற்கிறார்கள்

டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் வருவதில்லை. மீட்டிங் தள்ளிப்போகிறது, குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது, ஜிஎஸ்டி சாலையில் மாட்டிக்கொள்கிறார்கள், முந்தின விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடுகிறார்கள். காலியாகப் பறந்துவிட்ட சீட்டை மறுநாள் விற்க முடியாது. அதனால் ஒவ்வொரு தடத்திலும், ஒவ்வொரு கிழமையிலும், ஒவ்வொரு நேரத்திலும் எத்தனை பேர் வராமல் போகிறார்கள் என்று பழைய பதிவுகளை வைத்துக் கணக்கிட்டு, அந்த அளவுக்குக் கொஞ்சம் கூட விற்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 180 சீட் விமானம், 5 சதவீதம் பேர் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 185 டிக்கெட் விற்றாலும் சராசரியாக 176 பேர்தான் வந்து நிற்பார்கள். 180-ஐத் தாண்டுவது இருபது தடவைக்கு ஒரு தடவை என்ற அளவில்தான் நடக்கும், அப்போதும் பெரும்பாலும் ஒருவர் இருவர்தான் மீறுவார்கள். ஐந்து கூடுதல் டிக்கெட்டின் காசு மட்டும் இருபது தடவையும் வந்துவிடுகிறது. அந்த ஒருவர் இருவருக்கு முழு இழப்பீட்டையும் ஒழுங்காகக் கொடுத்தாலும் நிறுவனத்துக்கு லாபம்தான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கவுன்ட்டரில் நிற்கும்போது நீங்கள் ஏதோ சலுகை கேட்டுக் கெஞ்சுவது போல ஒரு கூச்சம் வரும். கூச்சப்பட ஒன்றுமே இல்லை. உங்களுக்குத் தர வேண்டிய தொகை அவர்கள் போட்ட கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

ஓவர்புக்கிங் மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. 200-க்கு மேல் சீட் உள்ள ஏர்பஸ் ஏ321 வரவேண்டிய இடத்தில் கடைசி நேரத்தில் 180 சொச்சம் சீட் உள்ள ஏ320 வந்தாலும் இதே கதைதான். யாரும் கூடுதலாக விற்காமலேயே முப்பது நாற்பது பேருக்கு இடமில்லாமல் போகும். ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்களில், வெயில் கடுமையாக இருந்து ஓடுதளமும் குட்டையாக இருந்தால் எடையைக் குறைத்தாக வேண்டும் என்று சிலரை இறக்குவதும் உண்டு. விமானம் மாற்றிய விஷயத்தில், "இது ஓவர்புக்கிங் இல்லை சார், ஏர்கிராஃப்ட் சேஞ்ச்" என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். டிஜிசிஏ விதி பார்ப்பது ஒன்றைத்தான்: கன்ஃபர்ம் டிக்கெட்டோடு உரிய நேரத்துக்குள் வந்து நிற்கும் பயணிகள், இருக்கும் சீட்டைவிட அதிகமா இல்லையா. சீட் ஏன் குறைந்தது என்பது அவர்கள் வீட்டு விவகாரம். எடை என்று சொன்னால் அங்கே வாதாட வேண்டாம், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், மற்றதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கையில் கோட்டைவிடுவதும் நடக்கிறது. 2024 மே மாதம் மும்பையிலிருந்து வாரணாசிக்குக் கிளம்பிய இண்டிகோ விமானத்தில் ஒரு பயணி உட்கார இடமில்லாமல் பின்பக்கம் நின்றுகொண்டிருந்ததை ஊழியர்கள் கவனித்து, நகர ஆரம்பித்த விமானத்தைத் திரும்பக் கொண்டுவந்து அவரை இறக்கிவிட்டார்கள். டவுன்பஸ் ஞாபகம் வந்தவர்கள் நிறையப் பேர்.

கிளம்பும் முன்பே

வெப் செக்-இன் எப்போது திறக்கிறதோ அப்போதே செய்துவிடுங்கள். உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 48 மணி நேரம் முன்பே திறந்துவிடும். ஓவர்புக் ஆன விமானத்தில் முதலில் மாட்டுவது சீட் எண் இல்லாதவர்கள்தான், அதாவது கடைசியாக செக்-இன் செய்தவர்கள், மலிவான கட்டண வகையில் வாங்கியவர்கள், அந்த நிறுவனத்தில் அடிக்கடி பறக்காதவர்கள். யாரைக் கழற்றிவிடுவது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. அதில் உங்கள் கையில் இருக்கும் ஒரே விஷயம் செக்-இன் நேரம்தான். சீட்டுக்குக் காசு கேட்கிறார்களே என்று தள்ளிப்போடாதீர்கள். இலவசமாகக் கிடைப்பது நடு சீட்டோ கடைசி வரிசையோ, எதுவானாலும் எண் கையில் இருப்பது நல்லது. முக்கியமான பயணம் என்றால் அந்தச் சில நூறு ரூபாயைக் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம் என்பேன்.

செக்-இன் ஆகிறது, ஆனால் போர்டிங் பாஸில் சீட் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டாண்ட்பை (இடம் மிஞ்சினால் மட்டும் ஏற்றுவது) என்றோ, சீட் விமான நிலையத்தில் தரப்படும் என்றோ வருகிறதா? அதுதான் மணி அடிப்பது. உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வழக்கத்தைவிட ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போய் நேராகக் கவுன்ட்டருக்குச் செல்லுங்கள். அங்கேயும் "கேட்ல தருவாங்க" என்று அனுப்பினால் கவுன்ட்டரில் வந்து நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஏஜென்ட் தன் போன் நம்பரையும் மெயிலையும் போட்டு டிக்கெட் எடுத்துவிடுவார், விமானம் மாறினாலும் ரத்தானாலும் தகவல் அவருக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். புக்கிங்கில் சரியான தொடர்பு விவரம் தராதவருக்கு விமானம் ரத்தானால் இழப்பீடு கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது, அதனால் உங்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிஎன்ஆரை வைத்து நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சேர்த்துவிடுங்கள். இரண்டாவது, ஏஜென்ட் தரும் தாளில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். இழப்பீடு கணக்கிடுவது அடிப்படைக் கட்டணத்தை வைத்து. எனவே கட்டணம் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ரசீதை நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி போனில் வைத்திருங்கள்.

தேதி தவறினால் காரியமே கெட்டுவிடும் என்ற பயணமா, நேர்முகத் தேர்வு, கப்பலில் சேருவது, விசா முடியும் நாள், தங்கையின் முகூர்த்தம் என்று ஏதாவது? அன்றைய கடைசி விமானத்தை எடுக்காதீர்கள். காலை விமானத்தில் விட்டுவிட்டுப் போனால் மதியம் ஒன்று, மாலை ஒன்று இருக்கும். இரவு விமானத்தில் விட்டுப்போனால் மறுநாள்தான். அதேபோல மதுரை - சென்னை ஒரு டிக்கெட், சென்னை - துபாய் வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்திருந்தால், முதல் விமானத்தில் உங்களை ஏற்றாமல் விட்டதைப் பற்றி இரண்டாவது நிறுவனத்துக்குக் கவலையே இல்லை, அவர்கள் கணக்கில் நீங்கள் வெறும் நோ-ஷோ. ஒரே பிஎன்ஆரில் எடுத்திருந்தால் அடுத்த விமானத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவர்களுடையது. நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் பிரித்து எடுப்பவர்கள் இதை யோசித்து எடுங்கள்.

விட்டுக்கொடுக்க யாராவது தயாரா என்று கேட்டால்

ஆள் அதிகம் என்று தெரிந்ததும் கட்டாயமாக யாரையும் இறக்குவதற்கு முன்னால், தாமாக முன்வந்து சீட்டை விட்டுத்தருபவர்கள் இருக்கிறார்களா என்று நிறுவனம் கேட்க வேண்டும். இந்திய விதியும் அதையே சொல்கிறது. அவர்களுக்கு என்ன தருவது என்பது மட்டும் நிறுவனத்தின் விருப்பம், அதாவது பேரம்.

இந்தப் பேர யோசனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1968-ல் ஜூலியன் சைமன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், யாரையாவது வலுக்கட்டாயமாக விடுவதற்குப் பதில், எவ்வளவு கொடுத்தால் காத்திருப்பீர்கள் என்று பயணிகளையே ஏலம் கேட்கச் சொல்லுங்கள் என்றார். விமான நிறுவனங்கள் கண்டுகொள்ளவில்லை. பிறகு நுகர்வோர் உரிமைக்காரர் ரால்ஃப் நேடரையே 1972-ல் அலிகெனி ஏர்லைன்ஸ் ஏற்றாமல் விட, அவர் வழக்குப் போட, 1976-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் வழக்குத் தொடரலாம் என்று சொன்னது. விடக்கூடாத ஆளை விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1978-ல் முதலில் தன்னார்வலரைக் கேள் என்பது அங்கே விதியாகிவிட்டது. அந்த விதி இருந்தும் 2017 ஏப்ரலில் சிகாகோவில் யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானத்தில், ஊழியர்கள் நாலு பேருக்கு இடம் வேண்டும் என்று, உட்கார்ந்துவிட்ட பயணி ஒருவரைத் தரதரவென்று இழுத்துப்போன காட்சியை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகுதான் சீட்டை விட்டுத்தருபவருக்கு 10,000 டாலர் வரை தரலாம் என்று யுனைடெட் அறிவித்தது, டெல்டாவும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு உயர்த்தியது.

நம் ஊரில் அப்படியெல்லாம் அள்ளித் தர மாட்டார்கள், ஆனாலும் அவசரமில்லாதவர் என்றால் பேசிப் பார்க்கலாம். முதலில் சொல்லும் தொகையை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கேட்க வேண்டியவை: அடுத்த விமானத்தில் கன்ஃபர்ம் சீட்டா, அதுவும் ஸ்டாண்ட்பையா? அந்த விமானத்தின் சீட் எண்ணை இப்போதே தருவீர்களா? சாப்பாடு, இரவு தங்க வேண்டி வந்தால் ஹோட்டல், போய்வர வண்டி யார் செலவு? தருவது பணமா வவுச்சரா, வவுச்சர் என்றால் எத்தனை மாதம் செல்லும், விடுமுறைக் காலத்தில் செல்லுமா? இதையெல்லாம் எழுத்தில் வாங்கிய பிறகே சரி என்று சொல்லுங்கள். ஏனென்றால் நீங்களாக விட்டுக்கொடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் விதிப்படியான இழப்பீட்டைக் கேட்க முடியாது, பேசிக்கொண்டது மட்டும்தான் கிடைக்கும். விருப்பமில்லாமல் இறக்கப்பட்டவரிடம் ஒரு படிவத்தை நீட்டி "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார்" என்று கையெழுத்துக் கேட்டால் முழுதாகப் படித்துப் பாருங்கள்.

கட்டாயமாக இறக்கினால் எவ்வளவு

உங்கள் விமானம் கிளம்பவேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறொரு விமானத்தில் ஏற்றிவிட்டால் இழப்பீடு எதுவும் இல்லை. அதைத் தாண்டி, 24 மணி நேரத்துக்குள் கிளம்பும் விமானத்தில் இடம் தந்தால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் நிறுவனத்தின் எரிபொருள் கட்டணமும் சேர்த்து அதைப்போல இரண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். 24 மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்றால் நாலு மடங்கு, அதிகபட்சம் 20,000 ரூபாய். உங்கள் மாற்று விமானமே வேண்டாம், நான் என் வழியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் டிக்கெட்டின் முழுத் தொகையும் திரும்ப வரவேண்டும், அதோடு அந்த நாலு மடங்கும் உண்டு, அதே 20,000 உச்சவரம்போடு. இந்தக் கடைசி விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது, கவுன்ட்டரிலும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

உதாரணத்துக்கு, அடிப்படைக் கட்டணம் 3,500, எரிபொருள் கட்டணம் 400 என்று ரசீதில் இருந்தால் கணக்குக்கு எடுப்பது 3,900. மாலை விமானத்தில் ஏற்றினால் 7,800 ரூபாய். 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, வேண்டாம் என்று நீங்கள் கிளம்பிவிட்டாலோ 15,600. அடிப்படைக் கட்டணமே 6,000 என்றால் இரண்டு மடங்கு 12,000 வருகிறது, ஆனால் கையில் வருவது 10,000தான். விமான நிலையக் கட்டணம், ஜிஎஸ்டி, கன்வீனியன்ஸ் ஃபீ எல்லாம் இந்த மடங்குக் கணக்கில் வராது. முழுத் தொகையைத் திருப்பித் தரும்போது அவையும் சேர்ந்து வரவேண்டும். கடைசி நேரத்தில் பதினைந்தாயிரத்துக்கு டிக்கெட் எடுத்தவருக்கு இந்த உச்சவரம்பு அநியாயம்தான், 2016-ல் வந்த தொகைகள் இவை.

உயர் வகுப்பில் டிக்கெட் எடுத்தவரைக் கீழ் வகுப்புக்கு மாற்றினால் தனி விதி, 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது: உள்நாட்டு விமானம் என்றால் வரி உள்பட டிக்கெட் தொகையில் 75 சதவீதம் திரும்ப வரவேண்டும், வெளிநாடு என்றால் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம்.

கேட்டில் நிற்கும்போது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். கோபம் வரும், குரல் உயரும், யாரோ வீடியோ எடுப்பார்கள், அரை மணி நேரம் கத்திவிட்டு வெறும் கையோடு வெளியே வந்து டாக்ஸி பிடித்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து மெயில் போட்டால், நீங்கள் உரிய நேரத்துக்குள் கேட்டுக்கு வரவில்லை, எங்கள் பதிவின்படி நோ-ஷோ என்று பதில் வரும். அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

எனவே குரலை உயர்த்துவதற்கு முன்னால் போனை எடுங்கள். கவுன்ட்டர், அதற்கு மேலே ஓடும் விமான எண் பலகை, கையில் இருக்கும் போர்டிங் பாஸ், பைக்கு ஒட்டிய டேக் எல்லாவற்றையும் படம் எடுங்கள், நேரம் தானாகப் பதிவாகும். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 60 நிமிடம் முன்பு செக்-இன் கவுன்ட்டரும், 20-25 நிமிடம் முன்பு போர்டிங் கேட்டும் மூடிவிடும், நீங்கள் அதற்கு முன்பே அங்கே இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். பார்க்கிங் சீட்டு, வாடகை வண்டி இறக்கிவிட்ட நேரம், உள்ளே அநியாய விலைக்கு வாங்கிய காபிக்கு யுபிஐயில் கட்டிய ரசீது, எல்லாமே சாட்சிதான். அந்தக் காபிக்கு ஒரு பிரயோஜனம் உண்டென்றால் இதுதான்.

அடுத்து, டியூட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணுக்கோ பையனுக்கோ பணம் தர அதிகாரம் கிடையாது, அவர்கள் மேல் எரிந்து விழுந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மேனேஜர் வந்ததும் நிதானமாக, "நான் நேரத்துக்கு வந்துவிட்டேன், ஏற்ற மறுப்பது நீங்கள், இதை டினைடு போர்டிங் என்று எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். டினைடு போர்டிங் என்ற அந்த வார்த்தையையே சொல்லுங்கள். விதி தெரிந்த ஆள் என்று புரிந்தவுடன் பேச்சின் தொனி மாறும்.

எழுதித் தர மறுக்கிறார்களா? அங்கேயே நின்றபடி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள். பிஎன்ஆர், விமான எண், கேட் எண், வந்த நேரம், மறுத்த நேரம், பேசிய ஊழியரின் பெயர் அட்டையில் இருந்த பெயர், என்ன காரணம் சொன்னார்கள், எடுத்த படங்கள். ஐந்து வரி போதும், இலக்கணம் பார்க்க வேண்டாம், தமிழில் எழுத வருகிறது என்றால் தமிழிலேயே எழுதுங்கள். விமானம் கிளம்புவதற்கு முன்பான நேரத்தோடு ஒரு மெயில் போயிருந்தால், இந்த ஆள் வரவே இல்லை என்று யாராலும் சாதிக்க முடியாது. பக்கத்தில் இதே நிலையில் நிற்பவர்களின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள், நாலு பேராகப் போட்ட புகாருக்கு எடை அதிகம்.

அப்புறம் கிளம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை சில. போகவர ஒரே பிஎன்ஆரில் எடுத்திருந்தால், போகும் பயணம் நோ-ஷோ ஆனதும் திரும்பும் டிக்கெட் தானாகவே ரத்தாகக்கூடும், எனவே அது உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே காட்டச் சொல்லுங்கள். செக்-இன் செய்த பை உங்களோடு இறங்க வேண்டும். விமானத்திலிருந்து இறக்கி எங்கே தருவார்கள் என்று கேட்டு வாங்காமல் வெளியே போகாதீர்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் இமிக்ரேஷன் தாண்டியிருப்பீர்கள், பாஸ்போர்ட்டில் நாட்டைவிட்டு வெளியேறியதாகக் குத்திய முத்திரையை ரத்துசெய்த பிறகுதான் வெளியே வர முடியும், நிறுவன ஊழியர் கூட வந்து அதை முடித்துத்தர வேண்டும். தனியாகப் போய் நிற்காதீர்கள்.

வெளிநாட்டில் மாட்டினால்

பயணிகளுக்கு மிகத் தாராளமான சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது. அங்குள்ள விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அது பொருந்தும். 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600. டிக்கெட் எவ்வளவுக்கு எடுத்தீர்கள் என்பது கணக்கே இல்லை. நம் ஊரிலிருந்து கிளம்பினாலும் ஐரோப்பிய நிறுவனம் என்றால் இது பொருந்தும், அதாவது சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் போகிறவருக்கும் 600 யூரோ கேட்கும் உரிமை உண்டு, இங்கேயே இழப்பீடு வாங்கியிருந்தால் மட்டும் இல்லை. எனவே அந்த மாதிரிப் பயணத்தில் சில ஆயிரம் ரூபாயைக் கையில் திணித்தால் அவசரப்பட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து பிரிந்த பிறகும் அதே சட்டத்தைப் பவுண்டில் வைத்துக்கொண்டது. லண்டனிலிருந்து சென்னை வரும் விமானத்தில் ஏற்றாமல் விட்டால் 520 பவுண்டு. சென்னையிலிருந்து ஏர் இந்தியாவில் லண்டன் போகும்போது விட்டால் இந்திய விதிதான், 20,000 ரூபாய்க்கு மேல் போகாது. எந்தத் திசையில், யாருடைய விமானம் என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு: அங்கே 2019 முதல், சேரவேண்டிய இடத்துக்கு எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேருகிறீர்கள் என்பதை வைத்து 900, 1,800, 2,400 கனடிய டாலர் என்று மூன்று படி. கனடாவுக்கு வரும் விமானத்துக்கும் அங்கிருந்து போகும் விமானத்துக்கும் பொருந்தும், 48 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். கால் சென்டரில் பேசிப் பிரயோஜனமில்லை. எல்லா நிறுவனங்களும் புகார்களைக் கவனிக்க நோடல் அதிகாரி, அவருக்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி என்று இருவரை வைத்திருக்க வேண்டும், பெயரும் மெயிலும் தளத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும், தேடி எடுத்து அவர்களுக்கே அனுப்புங்கள். கேட்கும் தொகையையும் எந்தக் கணக்கில் வந்தது என்பதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். பதிலுக்கு வவுச்சர் வந்தால், வேண்டாம், வங்கிக் கணக்கில் போடுங்கள் என்று எழுதுங்கள், அந்த வவுச்சரைப் பயன்படுத்திவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

அசையவில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலோ செயலியிலோ புகார் பதியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கலாம். இதெல்லாம் கண்துடைப்பு என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால் 2022-ல் பெங்களூரு, ஹைதராபாத், டெல்லியில் சோதனை நடத்தி, ஏற்ற மறுத்த பயணிகளுக்கு இழப்பீடு தராததற்காக ஏர் இந்தியாவுக்கு டிஜிசிஏ 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது என்பது வேறு விஷயம்.

உங்களுக்குப் பணம் வரவேண்டும் என்றால் கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நீங்கள் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே மனு போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும், ஆன்லைனிலும் போடலாம். விதிப்படியான இழப்பீட்டோடு, அதனால் உங்களுக்கு ஆன நிஜச் செலவையும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தனியே ஒரு தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். டிஜிசிஏ விதியில் இருக்கும் உச்சவரம்பு ஆணையத்தின் கையைக் கட்டிப்போடுவதில்லை. வேறு விமானத்துக்கு எடுத்த டிக்கெட், ஹோட்டல் பில், டாக்ஸி, கட்டி வீணான தேர்வுக் கட்டணம் என்று ரசீது இருக்கும் எல்லாவற்றையும் இணையுங்கள். உங்கள் மாவட்டத்தில் நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருந்தால் அங்கேயும் போகலாம், விமானப் பயணம் அதன் வரம்புக்குள் வருகிறது, கட்டணமும் இல்லை. இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்தில் மனு போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அதைத்தான் பிடித்துக்கொள்வார்.